மே மாதத்துக் குளமும் ஒரு மூட்டை யூரியாவும்

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் அரியாங்குப்பம் சுற்றுவட்டார வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை சமையல் கொஞ்சம் தடுமாறும். விசைப்படகுகள் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் வரிசை கட்டி நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலில் மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று விடும் ஓய்வு அது. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் மீன் கொஞ்சம் கிடைக்கும். விலை கையைக் கடிக்கும். வஞ்சிரம் கேட்டு வந்தவர் சங்கராவுக்கு இறங்குவார். சங்கராவும் கட்டுப்படியாகாமல் கடைசியில் கட்லா, ரோகு, ஜிலேபி என்று குளத்து மீன் பக்கம் வந்து நிற்பார்.

குளம் வெட்டி மீன் வளர்ப்பவர்களுக்கு அந்த இரண்டு மாதமும் தீபாவளிதான். ஆனால் அந்தத் தீபாவளி சரியாக அக்னி நட்சத்திரத்தில் வந்து விழுகிறது. மீனுக்கு நல்ல விலை கிடைக்கிற நாட்களும், குளத்துத் தண்ணீர் மீனுக்கு மிக மோசமாக இருக்கிற நாட்களும் ஒன்றே. மீன் வளர்ப்பில் பலர் கையைச் சுட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான்.

தீவனக் கடைகளில் ஏப்ரல் மாதத்தில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

"அண்ணே, போன தடவ 28 புரோட்டீன் போட்டேன். இப்ப 32 போட்டா சீக்கிரம் எடை ஏறுமா?"

"தாராளமா ஏறும் தம்பி. ரெண்டு வேளையா போடுறத மூணு வேளையா ஆக்கிக்க. தடை முடியறதுக்குள்ள புடிச்சிடலாம்."

தம்பி கேட்டதிலும் தப்பில்லை, அண்ணன் சொன்னதிலும் முழுப் பொய் இல்லை. புரதம் கூடினால் மீன் வளரும். வெயில் ஏறினால் மீன் அதிகம் தின்னும். இரண்டும் உண்மைதான், ஓர் எல்லை வரைக்கும். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைத் தீவன மூட்டையில் அச்சடித்திருக்க மாட்டார்கள். குளத்துத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மீனின் வயிற்றில் அடுப்பு இல்லை

ஆடு, மாடு, கோழி, மனிதர் எல்லோருக்கும் உடம்புக்குள் ஓர் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. வெளியே குளிரோ வெயிலோ, மனித உடம்பு 37 டிகிரியை விட்டு அசையாது. அப்படி வைத்திருக்கத் தின்னும் சாப்பாட்டில் பெரும்பகுதி விறகாகப் போய்விடுகிறது. மீனுக்கு அந்தச் செலவே கிடையாது. தண்ணீர் 25 டிகிரி என்றால் மீனின் உடம்பும் 25. தண்ணீர் 33 என்றால் மீனும் 33. கோழி, ஆட்டைவிட மீன் குறைந்த தீவனத்தில் கூடுதல் எடை போடுவதற்கு முக்கியக் காரணம் இந்த மிச்சம்தான். நல்ல தீவனமும் நல்ல பராமரிப்பும் இருந்தால் ஒன்றரை கிலோ தீவனத்தில் ஒரு கிலோ ஜிலேபி எடுத்துவிடலாம்.

இந்த மிச்சத்துக்கு ஒரு விலையும் உண்டு. அடுப்பு தன்னிடம் இல்லாததால், செரிப்பது, வளர்வது, நீந்துவது, மூச்சுவிடுவது எல்லாவற்றின் வேகத்தையும் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. 10 டிகிரி கூடினால் உடம்புக்குள் நடக்கும் வேலைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 10 டிகிரி குறைந்தால் பாதியாகும்.

ஒவ்வொரு மீனுக்கும் பிடித்த சூடு வேறு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் 25 முதல் 32 டிகிரி வரை சௌகரியம். ஜிலேபிக்கு 28 முதல் 32. தண்ணீர் 16, 17 டிகிரிக்குக் கீழே போனால் ஜிலேபி தின்பதையே நிறுத்திவிடும். 10, 12 டிகிரிக்கு இறங்கினால் செத்து மிதக்கும். வனாமி இறாலும் 28 முதல் 32 டிகிரியைத்தான் விரும்புகிறது. இதற்கெல்லாம் நேரெதிர் நீலகிரியின் டிரவுட் மீன். அதற்கு 13 முதல் 17 டிகிரி போதும். 25-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வெள்ளைக்காரர்கள் 1907-இல் டிரவுட் குஞ்சுப் பொரிப்பகத்தை ஊட்டிக்கு அப்பால் அவலாஞ்சியில் கொண்டுபோய் வைத்ததற்குக் காரணம் அந்தக் குளிர்தான். அதே மீனை, அதே தீவனத்தோடு அரியாங்குப்பத்துக்குக் கொண்டுவந்தால் ஒரு நாள்கூடத் தாங்காது.

கொடுவா இதில் நம்மூர்க்காரன். அரியாங்குப்பம் ஆறு மாதிரி உப்பும் நன்னீரும் கலக்கிற முகத்துவாரங்களில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகிற மீன். ஆணாகப் பிறந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறிவிடும் என்பது கூடுதல் செய்தி. ஆஸ்திரேலியர்கள் இதை பாரமுண்டி என்கிறார்கள். டாஸ்மேனியாவில் ஆராய்ச்சியாளர்கள் கொடுவாக் குஞ்சுகளை வெவ்வேறு சூட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். 27 முதல் 36 டிகிரி வரை குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்தன. 39 டிகிரியில் வளர்ச்சி விழுந்துவிட்டது. வெயிலுக்குப் பழகிய கொடுவாவுக்கே ஓர் உச்சவரம்பு இருக்கிறது.

புரதம் எவ்வளவு?

சதை கட்டுவது புரதம். ஆனால் எல்லா மீனுக்கும் ஒரே அளவு கிடையாது. வளர்ந்துவரும் கெண்டை வகைகளுக்குத் தீவனத்தில் 25 முதல் 30 சதவிகிதம் புரதம் போதும். ஜிலேபிக்கு 28 முதல் 32. வனாமிக்கு 32 முதல் 38. பிற மீன்களை வேட்டையாடித் தின்று பழகிய கொடுவாவுக்கும் விராலுக்கும் 40, 45 சதவிகிதம் வேண்டும். இந்த வேட்டை மீன்களுக்குச் சோறு, மாவு போன்றவற்றிலிருந்து சக்தி எடுக்கத் தெரியாது. புரதத்தையே விறகாகவும் எரிக்கும் பழக்கம். எந்த மீனானாலும் குஞ்சுப் பருவத்தில் தேவை கூடுதலாக இருக்கும், வளர வளரக் குறையும்.

கிராமத்தில் காலங்காலமாகக் கெண்டை மீனுக்குக் கடலைப் பிண்ணாக்கையும் தவிட்டையும் சரிபாதி கலந்து போடுவார்கள். பிண்ணாக்கில் புரதம் 40 முதல் 45 சதவிகிதம், தவிட்டில் 12 முதல் 14 சதவிகிதம். சரிபாதி கலந்தால் 27, 28 வரும். ஆய்வகம் பார்க்காத பெரியவர்கள் கைக்கணக்கில் போட்ட கலவை, ஆய்வகம் சொல்லும் அளவுக்குள்ளேயே வந்து உட்காருகிறது!

அந்தக் கலவையில் ஒரு குறையும் உண்டு. புரதம் என்பது பல அமினோ அமிலங்களின் கூட்டு. அவற்றில் பத்தை மீன் தானாகத் தயாரித்துக்கொள்ள முடியாது. தீனியில் வந்தால்தான் உண்டு. நிலக்கடலையில் லைசின், மெத்தியோனின் இரண்டும் குறைவு. நூறு பேர் பந்தியில் பருப்பு நூறு பேருக்கு இருக்கிறது, புளி அறுபது பேருக்குத்தான் இருக்கிறது என்றால் சாம்பார் அறுபது பேருக்குத்தானே? மிச்சப் பருப்பு வீண். மீன் உடம்பிலும் இதுதான் நடக்கிறது. பையின் மேல் போட்டிருக்கும் புரத சதவிகிதம் பருப்பின் கணக்கு மட்டும்தான். புளி எவ்வளவு என்பது அதில் தெரியாது. தீவன ஆலைகள் சோயாப் பிண்ணாக்கும் மீன்தூளும் சேர்ப்பது இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான்.

மீன்தூள் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது வருவது கடலில் பிடிக்கும் மத்தி போன்ற சின்ன மீன்களிலிருந்து. கொடுவாவுக்குத் தீவனம் வாங்காமல் கழிவு மீனை வெட்டிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒரு கிலோ கொடுவா எடுக்க ஐந்தாறு கிலோ சின்ன மீன் செலவாகிவிடும். கடலுக்கு ஓய்வு கொடுக்க என்று ஒரு தடைக்காலம் வைத்துவிட்டு, அந்த ஓய்வு நாளில் விற்கிற மீனுக்கே கடல் மீனைத் தீனியாகப் போடுவது வேடிக்கையான கணக்கு.

வெந்நீரில் புரதம் கூட வேண்டுமா?

சூடு, புரதம் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்த பழைய சோதனை ஒன்று 1958-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. டெலாங், ஹால்வர், மெர்ட்ஸ் என்ற மூவர் சினூக் சால்மன் குஞ்சுகளை இரண்டு விதமான தண்ணீரில் வளர்த்தார்கள். 8 டிகிரித் தண்ணீரில் இருந்த குஞ்சுகளுக்கு 40 சதவிகிதப் புரதம் போதுமானதாக இருந்தது. 15 டிகிரித் தண்ணீரில் இருந்தவற்றுக்கு 55 சதவிகிதம் தேவைப்பட்டது. சூடு கூடினால் புரத சதவிகிதத்தையும் கூட்ட வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்த முடிவு வலுச் சேர்த்தது. தீவனக் கடை அண்ணனின் வாதத்துக்கும் தூரத்து உறவு இதுதான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1970-களில் கனடாவில் டிரவுட் மீனை 9 முதல் 18 டிகிரி வரை வெவ்வேறு சூட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். தண்ணீர் சூடானது என்பதற்காகத் தீவனத்தில் புரத சதவிகிதத்தைக் கூட்டியதில் தனிப் பலன் எதுவும் தெரியவில்லை. காரணம் எளிது. தண்ணீர் இதமாகச் சூடானால் மீனுக்குப் பசி கூடுகிறது. அதே தீவனத்தை அது அதிகமாகத் தின்கிறது. கூடுதல் புரதம் அந்தக் கூடுதல் கவளத்திலேயே வந்து சேர்ந்துவிடுகிறது. ஆக, சௌகரியமான சூட்டுக்குள் 28 சதவிகிதத் தீவனம் தின்று வளரும் கெண்டைக்கு, வெயில் ஏறியது என்பதற்காக 32-க்குப் போக வேண்டியதில்லை. பசிக்கிற அளவுக்குப் போட்டால் போதும்.

பசிக்கிற அளவுக்குப் போடாவிட்டால்? அதற்கும் கனடாவிலேயே பதில் இருக்கிறது. நனைமோ என்ற ஊரின் கடல் ஆய்வு நிலையத்தில் பிரெட் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 1969-இல் சாக்கை சால்மனை வைத்துக் கண்டது இது. வயிறு நிறையத் தீனி கிடைத்த மீன்கள் 15 டிகிரியில் மிக நன்றாக வளர்ந்தன. உடல் எடையில் ஒன்றரை சதவிகிதம் மட்டும் தீனி கொடுத்தபோது மிக நல்ல வளர்ச்சி 5 டிகிரியில்தான் கிடைத்தது. அரை வயிறு தின்னும் மீனுக்குச் சூடான தண்ணீர் ஒரு தண்டனை. உடம்பு வேகமாக ஓடுகிறது, அதற்கே தீனி முழுதும் செலவாகிவிடுகிறது, சதை போட எதுவும் மிஞ்சுவதில்லை.

இவை எல்லாம் குளிர்நாட்டு மீன்கள். டிகிரிக் கணக்கு நம்மூருக்குப் பொருந்தாது. கணக்கின் வடிவம் பொருந்தும். சூடு ஏற ஏறப் பசியும் வளர்ச்சியும் ஏறி, ஓர் உச்சிக்குப் போய், அதற்கு மேல் சரசரவென்று சரிகிறது. ஏறும் பக்கம் மெதுவான ஏற்றம், இறங்கும் பக்கம் செங்குத்து. கெண்டைக் குளத்தில் 30 டிகிரி உச்சிக்குப் பக்கம். 34, 35 என்பது செங்குத்தின் விளிம்பு. ஏப்ரல் தொடக்கத்தில் 30 டிகிரியில் ஆவலாகத் தின்ற மீனைப் பார்த்துவிட்டு, மே மாத நடுவில் 35 டிகிரியில் அதே அளவை, அதைவிடக் கூட்டியும் போடுகிறபோது அந்தத் தீனி மீனுக்குள் போவதில்லை. தண்ணீருக்குள் போகிறது.

மூட்டைக் கணக்கு

ஒரு ஏக்கர் குளம். அதில் இப்போது மொத்தம் ஒரு டன் கெண்டை மீன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடையில் இரண்டு சதவிகிதம் தீவனம் என்றால் நாளைக்கு 20 கிலோ. அதில் புரதம் 28 சதவிகிதம், அதாவது 5.6 கிலோ. புரதத்தில் 16 சதவிகிதம் நைட்ரஜன். அப்படியானால் நாளைக்குச் சுமார் 900 கிராம் நைட்ரஜன் குளத்துக்குள் போகிறது.

இதில் மீன் தன் சதையில் சேர்த்து வைத்துக்கொள்வது சுமார் கால் பங்கு. மிச்சம் முக்கால் பங்கு, கிட்டத்தட்ட 670 கிராம், செவுள் வழியே அம்மோனியாவாகவும், கழிவாகவும், தின்னாமல் கரைந்த தீவனமாகவும் தண்ணீரிலேயே தங்குகிறது. வயலுக்குப் போடும் யூரியாவில் 46 சதவிகிதம் நைட்ரஜன். அந்தக் கணக்கில் பார்த்தால் தினமும் ஒன்றரை கிலோ யூரியாவைக் குளத்தில் கொட்டுவதற்குச் சமம். மாதத்துக்கு ஏறக்குறைய 45 கிலோ, ஒரு முழு மூட்டை!

இது எல்லாம் சரியாக நடக்கும்போது. மீன் உச்சியைத் தாண்டிய சூட்டில் இருந்து, கூடுதல் வளர்ச்சி எதுவும் இல்லாமல், தீவனத்தை மட்டும் 32 சதவிகிதத்துக்கு மாற்றினால் நாளைக்கு 800 கிராம் புரதம் கூடுதலாக உள்ளே போகும். அவ்வளவும் தண்ணீரில்தான் நிற்கும். மாதம் 45 கிலோ யூரியா 50-ஐத் தாண்டிவிடும். காசு கொடுத்து வாங்கிய உயர்ரகத் தீவனம் இப்படி உரமாகிப் போகிறது. மீன் வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த உரம் எவ்வளவு விலை என்று புரியும்.

யூரியா விழுந்த வயல் பச்சையாவது போல் குளமும் பச்சையாகும். பாசி பெருகும். பகல் வெயிலில் பாசி தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவை உறிஞ்சுவதால் தண்ணீரின் பி.எச். ஏறும், பிற்பகல் மூன்று மணிக்கு 9 வரை போவதுண்டு. அம்மோனியாவுக்கு இரண்டு முகம். ஒரு முகம் அவ்வளவாகத் தீங்கு செய்யாது, இன்னொன்று விஷம். 30 டிகிரி நன்னீரில் பி.எச். 8 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் விஷமுகம் சுமார் 7 சதவிகிதம்தான். பி.எச். 9 ஆனால் அது 45 சதவிகிதத்துக்குத் தாவிவிடும். சூடும் அதே பக்கம்தான் தள்ளுகிறது. பி.எச். 8-லேயே நின்றாலும் 20 டிகிரியில் 4 சதவிகிதத்துக்கும் குறைவாக இருக்கும் விஷப்பங்கு, 35 டிகிரியில் 10 சதவிகிதமாகிறது.

பிற்பகலில் இந்த விஷம் என்றால் விடியற்காலையில் வேறொரு கண்டம். இரவில் வெயில் இல்லை. பாசி ஆக்சிஜன் தராது, தானும் மூச்சு வாங்கும். மீனும் மூச்சு வாங்கும். அடியில் மக்கும் தீவனமும் ஆக்சிஜனை இழுக்கும். சூடான தண்ணீரில் முதலிலேயே ஆக்சிஜன் இருப்பு குறைவு. 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் ஏழரை. 35 டிகிரியில் 7-க்கும் சற்றுக் கீழே. இருப்பு குறைகிற அதே நேரத்தில் மீனின் தேவை ஏறுகிறது. கெண்டைக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி. 3-க்குக் கீழே போனால் திணறும். விடியற்காலை நாலு மணிக்குக் குளத்து மேல்பரப்பில் வாய் வாயாகத் தெரிந்தால் அது தீனி கேட்கும் வாய் இல்லை. காற்றுக்கு அலைகிற வாய். அதைப் பசி என்று நினைத்துக் காலையிலேயே ஒரு கூடைத் தீவனத்தை வீசுகிறவர்களும் உண்டு. அன்று மாலைக்குள் கரையில் காக்கை கூடிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. மூக்கு முட்ட பிரியாணி தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தால் உடம்பு சூடாகி வியர்க்கும் அல்லவா? செரிக்கிற வேலைக்கே உடம்பு சக்தி செலவழிப்பதன் அடையாளம் அது. மீனுக்கும் தின்ற பிறகு சில மணி நேரம் ஆக்சிஜன் தேவை ஏறும். புரதம் கூடிய தீனியென்றால் இன்னும் ஏறும். மாலை ஆறு மணிக்குப் போடும் கனமான கடைசி வேளையின் செலவு, ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போகும் இரவின் கணக்கில் எழுதப்படுகிறது.

வெயில் காலத்துக் கைப்பக்குவம்

இதற்குத் தப்பிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு தெர்மாமீட்டர், ஒரு தீவனத் தட்டு, கொஞ்சம் மனக்கட்டுப்பாடு. மூன்றாவதுதான் கடைகளில் கிடைக்காது.

தீவனத்தை வெயில் ஏறி ஆக்சிஜன் மீண்டபிறகு, காலை எட்டு, ஒன்பது மணி வாக்கில் போடலாம். தட்டில் கொஞ்சம் வைத்து இறக்கி, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் எவ்வளவு மிஞ்சியது என்று தெரிந்துவிடும். மிஞ்சினால் மறுநாள் குறைக்க வேண்டும். தண்ணீர் 33 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மாலை வேளையை அடியோடு விட்டுவிடுவது நல்லது. மூட்டம் போட்ட நாளில் பாசி வேலை செய்யாது. அன்றும் தீனியைக் குறைக்கலாம். ஒரு நாள் பட்டினி கிடந்ததால் செத்த கெண்டை எதுவும் இல்லை. ஏரேட்டர் இருப்பவர்கள் அதைப் பகலில் சம்பிரதாயத்துக்கு ஓட்டுவதைவிட நள்ளிரவிலிருந்து விடியும்வரை ஓட்டுவது உபயோகம்.

குளத்தில் ஆழம் இருந்தால் அடியில் குளுமை இருக்கும். ஒன்றரை மீட்டராவது தண்ணீர் நிற்க வேண்டும். போர்த் தண்ணீரைப் பாய்ச்சும்போது உயரத்திலிருந்து கொட்டவிட வேண்டும், ஏனெனில் நிலத்தடி நீரில் ஆக்சிஜன் இருக்காது. புதுச்சேரிக் கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பேறிவருகிற இடங்களும் உண்டு. நன்னீர் மீன் வைத்திருப்பவர் போர்த் தண்ணீரை ஒருமுறை சோதித்துவிட்டுப் பாய்ச்சுவது உத்தமம்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது முன்கூட்டியே பிடித்து விற்பது. ஜூன் முதல் வாரம் வரை எல்லா மீனையும் வைத்திருந்து, கிலோவுக்கு இன்னும் பத்து இருபது ரூபாய் பார்க்கலாம் என்ற ஆசை யாருக்கும் வரும். ஆனால் தடை தொடங்கிய முதல் இரண்டு வாரத்திலேயே பெரிய மீன்களில் பாதியைப் பிடித்துவிட்டால் குளத்தில் பாரம் பாதியாகிறது. ஆக்சிஜன் தேவை பாதி, அம்மோனியா பாதி. மிச்சமிருக்கும் மீன் அக்னி நட்சத்திரத்தை மூச்சுமுட்டாமல் தாண்டும். இரவில் தூக்கமும் வரும்.

குளிர்காலத்தில் இதே கணக்கு தலைகீழாக வரும். மார்கழியில் புதுச்சேரிக் குளங்களில் தண்ணீர் 24, 25 டிகிரிக்கு இறங்கும். மனிதருக்கு இதமான குளிர். மீனுக்குப் பசி மந்தம். அப்போதும் ஏப்ரலில் போட்ட அதே கூடையைப் போட்டால் மிச்சம் அடியில் சேர்ந்து நாறும். மழை இன்னும் மோசம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் குளிர்ந்த மழைநீர் குளத்தில் கலக்கும், தண்ணீர் கலங்கும், வெயில் இல்லாமல் பாசி மடியும். மழை விட்டதும் முதலில் போட வேண்டியது ஏரேட்டர். தீவனம் இரண்டு நாள் பொறுக்கலாம்.

குளத்துக்கு வெளியே

குளத்தில் சேர்ந்த அந்த மூட்டை யூரியா குளத்தோடு நின்றுவிடாது. அறுவடையன்று மடையைத் திறந்தால் வெளியே போகிறது. செஞ்சி மலைப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி, கடலைத் தொடுமுன் இரண்டாகப் பிரிந்து அரியாங்குப்பம் ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் ஓடுகிறது. ஓரங்களில் அலையாத்திக் காடு. மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் வளரும் தொட்டில் அது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ரோமானியச் சரக்கு வந்திறங்கிய அரிக்கமேடும் இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. அங்கே கிடைத்த ஜாடிகளில் ஒயின் ஜாடிகளோடு, ரோமானியர்களின் மீன் சாறு வந்த வகை ஜாடிகளும் உண்டு. மீனுக்குப் பஞ்சமில்லாத ஊருக்கே கப்பலேறி வந்த மீன் சாறு!

கழிவுநீர் விஷயத்தில் தமிழகக் கடலோரம் ஏற்கெனவே ஒரு பாடு பட்டிருக்கிறது. 1990-களில் காவிரி டெல்டாவின் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது, வயலும் குடிநீரும் உப்பாகிறது, கழிவு ஊருக்குள் வருகிறது என்று போராடினார் காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன். அவர் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்குக் கடுமையான தீர்ப்பைத் தந்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. இன்று உப்புநீரில் இறாலோ மீனோ வளர்க்கப் பதிவு வேண்டும். அந்தச் சண்டையில் பேசப்பட்ட கழிவில் ஒரு பங்கு, இறால் தின்னாத தீனியும் தின்று செரிக்காத புரதமும்தான்.

கொடுவா வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அதன் தீவனத்தில் புரதம் 45 சதவிகிதம் வரை போகிறது. இந்தியாவில் கொடுவாவைப் பண்ணையிலேயே முட்டையிட வைத்தது சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம். 1997-இல், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில். தெற்கே சீர்காழிப் பக்கம் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் குஞ்சுப் பொரிப்பகமும் இருக்கிறது. அரியாங்குப்பத்துக்கு இரண்டு பக்கமும் கொடுவாக் குஞ்சு கிடைக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. குஞ்சு வாங்கப் போகிறவர்கள் விலையோடு சேர்த்து, எந்தச் சூட்டில் எவ்வளவு தின்றது என்பதையும் கேட்டு வாங்கிக்கொண்டு வரலாம்.

அதற்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகள் எழுதும் ஒரு கோடு போட்ட நோட்டு போதும். தேதி, காலை ஆறு மணிச் சூடு, பிற்பகல் மூன்று மணிச் சூடு, போட்ட தீவனம், தட்டில் மிஞ்சியது. ஐந்தே பத்தி. தெர்மாமீட்டரை மேலே மிதக்கவிடாமல் முழங்கை ஆழத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். தீவன மூட்டையோடு வரும் அட்டவணை யாரோ ஒருவரின் குளத்துக்கு, ஏதோ ஒரு சூட்டுக்குப் போட்டது. ஒரு வருடம் எழுதிய நோட்டு இருந்தால், அடுத்த ஏப்ரல் 15-க்கு முன்னால் எத்தனை மீனைப் பிடித்து விற்பது, எத்தனையை விடுவது என்று போன மே மாதப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.